ஊசி சிவப்பைத் தொட்ட பிறகு ஆறு கிலோமீட்டர்

கேரவன் ஓட்டுகிற வேலையில் ஒரு வசதி உண்டு: வண்டி படுத்துவிட்டால் தங்க இடம் தேட வேண்டாம், படுத்த வண்டிக்குள்ளேயே நாமும் படுத்துக்கொள்ளலாம். லாரியோ வேனோ டூரிஸ்ட் காரோ, எதை ஓட்டினாலும் ஒர்க்‌ஷாப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். சாயங்காலம் முடிந்துவிடும் என்று மெக்கானிக் சொல்வார். எந்தச் சாயங்காலம் என்று கேட்கத் துணியாமல் நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். நான் அப்படிப் பத்தொன்பது நாள் தலையாட்டினேன். விருதுநகரில், நான்கு வழிச் சாலை ஓரத்தில், சூலக்கரைக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே நடந்ததில் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். என்னைப் போல உட்கார்ந்தவர்களுக்குப் புரியும்.

வெயிலுக்கு அப்படித்தான் காட்டும்

எங்கள் கம்பெனி சென்னையில் இருக்கிறது. மொத்தம் நான்கு கேரவன்கள். முன்பெல்லாம் சினிமா ஷூட்டிங்குக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தன. இப்போது குடும்பமாகச் சுற்றுலா போகிறவர்களும் எடுக்கிறார்கள். உள்ளே இரண்டு கட்டில், சின்னச் சமையல் மேடை, கழிப்பறை, ஏசி எல்லாம் உண்டு. இந்தத் தடவை ஏறியவர்கள் சுந்தரம் சாரும் அவர் மனைவி கல்யாணி அம்மாவும். சார் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கன்னியாகுமரி வரை போய்த் திரும்பப் பதினைந்து நாள் திட்டம். மூன்றாம் நாள் இருக்கன்குடியில் சாமி கும்பிட்டுவிட்டு, குற்றாலம் போவதற்காகச் சாத்தூர் வந்து அச்சங்குளம் பக்கமாக வண்டியைத் திருப்பினேன்.

கொஞ்ச தூரத்திலேயே ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் ஒன்று கிழிந்து தண்ணீரெல்லாம் கொட்டிவிட்டது. அது எனக்கு அப்போது தெரியாது. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற மீட்டரில் ஊசி சிவப்புக்கு ஏறியது மட்டும் தெரிந்தது. முன் சீட்டில் இருந்த சுந்தரம் சாரும் அதைப் பார்த்துவிட்டு, ஊசி ஏறுகிறதே, பரவாயில்லையா என்று கேட்டார். வெயிலுக்கு அப்படித்தான் சார் காட்டும் என்றேன். பொய்.

வேறு ஊர்க்காரன் ஓட்டியிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பான், இன்ஜினும் பிழைத்திருக்கும். நான் சாத்தூர்ப் பக்கத்து கிராமத்தில் பிறந்தவன், அதுதான் வினையாகிவிட்டது. அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் பட்டாசுக் கம்பெனிகள். என் அம்மா அப்படி ஒரு கம்பெனியில் வருடக்கணக்காக வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவர். பொறி கிளம்பிவிடும் என்று வேலைக்கு நைலான் சேலை கட்டமாட்டார். இரும்புக் கொண்டை ஊசி குத்தமாட்டார். வேலைச் சேலையோடு அடுப்படிக்குள் கால் வைக்கமாட்டார். குளித்து, சேலை மாற்றி, அந்தச் சேலையைக் கொல்லையில் போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். பசிக்கிறது என்று நாங்கள் அழுதாலும் இந்த வரிசை மாறாது. அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு, ஆவி பறக்கிற வண்டியைக் கம்பெனி கேட்டுக்கு எதிரே நிறுத்தக் கால் வரவில்லை. இதைத் தாண்டி நிறுத்தலாம், அடுத்ததைத் தாண்டி நிறுத்தலாம் என்று ஆறு கிலோமீட்டர் போய்விட்டேன். கடைசிக் கம்பெனியின் சுவர் முடிந்து சீமைக்கருவேலங்காடு தொடங்கிய இடத்தில் கடக்கென்று ஒரு சத்தம். வண்டி தானாகவே நின்றது. நான் சாவியைத் திருப்பி அணைத்தேன், ஊசி சரசரவென்று கீழே இறங்கியது. சுந்தரம் சார் குனிந்து அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்ப நார்மலா காட்டுது தம்பி."

கழற்றவா, விடவா

இவ்வளவு பெரிய வண்டிக்கு இன்ஜினை இறக்கி ஏற்ற வேண்டுமானால் விருதுநகருக்குத்தான் போக வேண்டும் என்று சாத்தூரில் சொன்னார்கள். வண்டியை இழுத்துக்கொண்டு போய் விட்ட இடம் செல்லையா அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அளந்து பேசுகிறவர். மறுநாள் மதியத்துக்குள் இன்ஜினைப் பிரித்து, பழைய போர்வை ஒன்றை விரித்து, பாகம் பாகமாக வைத்துவிட்டார். ஒரு பிஸ்டன் உருகிச் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டியிருந்தது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்திருந்தது. அடியில் சுழலும் கிராங்க் தண்டு முழுக்கக் கீறல். மதுரைக்கு அனுப்பி லேத்தில் கடைந்து வர வேண்டும், பத்து நாளுக்குக் குறையாது என்றார். பிரித்துப் போட்ட இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், ஏதோ நாமே பிரிந்து கிடப்பது போல இருக்கும்.

முதலாளி போனில் வந்தார். நல்ல மனிதர்தான், சாப்பிட்டாயா என்று கேட்காமல் வேலை சொல்லமாட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். போன வருடம், ஊசி ஏறியதைப் பார்த்தும் ஓட்டிய டிரைவர் ஒருவரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். எனக்கு நாற்பத்தாறு வயது. கேரவன் கம்பெனிகள் சென்னையில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன, எல்லா முதலாளிகளும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். இந்தச் சாவி கையை விட்டுப் போனால் எனக்கு இன்னொரு சாவி கிடைக்காது. ஊசி ஏறியதைப் பார்த்தாயா இல்லையா என்று அவர் கேட்டார். மீட்டர் வேலை செய்யவில்லை சார் என்று சொல்லிவிட்டேன். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. இன்ஜின் தயாரானதும் நேரில் வருகிறேன், அப்போது பேசிக்கொள்வோம் என்று வைத்துவிட்டார்.

அண்ணாச்சி இரண்டடி தள்ளி நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேசியது முழுக்கக் காதில் விழுந்திருக்கும். வண்டியில் ஏறி, சாவியைப் போட்டு, மீட்டரை விரலால் சுண்டிப் பார்த்தார். இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "மீட்டரு நல்லாத்தான இருக்கு. நீங்க சொல்லிட்டீகன்னு அதையும் களட்டிப் போடவா, இல்ல அப்படியே விடவா?"

எந்த நடிகர்?

கேரவன் ஓர் ஊரில் இரண்டு நாள் நின்றால் நடிகர் வந்துவிட்டார் என்று அர்த்தம். மூன்றாம் நாளிலிருந்து கூட்டம் வரத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவர்கள், மதிய இடைவேளையில் வந்த ஆபீஸ்காரர்கள், பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் என்று ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கல்யாணி அம்மா கதவைத் திறந்தால் செல்போன்கள் மேலே எழும்பும். அவரைப் பார்த்ததும் கீழே இறங்கிவிடும். அவருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். நான் அப்படியொன்றும் பார்க்க முடியாதபடி இல்லையே என்று சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே ஒர்க்‌ஷாப்பில் டிராக்டரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு என்னைப் போலவே காத்திருந்தார் காரியாபட்டி விவசாயி ஒருவர். நடிகர் யாரும் இல்லை என்று அவரிடம் சத்தியம் செய்து, உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டிலை அமுக்கிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், கழிப்பறைக் கதவைத் திறந்து தண்ணீரை இழுத்துவிட்டுப் பார்த்தார். வெளியே வந்து, இறக்கி வைத்திருந்த இன்ஜினையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க வீடு நாப்பது வருசமா ஒரே எடத்துல நிக்குதுங்க. ஒரு நாளும் மதுரைக்குப் போயி சாமான் வாங்கிட்டு வான்னு எங்கிட்டச் சொன்னதில்ல."

ஆயில் தரையில் கோலம்

வேறு கார் அனுப்புகிறேன் என்று முதலாளி சொல்லியும் கல்யாணி அம்மா ஒரு வாரம் இறங்க மறுத்துவிட்டார். இருபது வருடமாகக் கேட்டு இப்போதுதான் கிளம்பியிருக்கிறோம், நின்ற வண்டியானாலும் என் வண்டி என்றார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கரண்ட் இழுத்துக்கொண்டோம். காலையில் எழுந்ததும் படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவார். ஆயில் ஊறிய தரை, மாவு பிடிக்காது. போட்ட ஐந்து நிமிடத்தில் கறுத்து மங்கிவிடும். மறுநாளும் போடுவார். மூன்றாம் நாள் பார்த்தேன், ஜாக்கியை உருட்டிக்கொண்டு போன மெக்கானிக் அந்தக் கறுத்த கோலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. சிவகாசியிலிருந்து சரக்கு கிளம்புகிற சீசன். பட்டாசு லோடு ஏறிய லாரியை எந்த ஒர்க்‌ஷாப்பும் வாசலில்கூட அண்டவிடாது. அதனால் ஏற்றுவதற்கு முன்பே எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டும் என்று லாரிகள் வரிசைகட்டி நின்றன. நாங்கள் பின்னால் போய்விட்டோம். எனக்குக் கோபம் வந்தது, யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. கல்யாணி அம்மா கோபப்படவில்லை. வேலை பார்த்த எல்லாருக்கும் பதினொரு மணிக்கு டிகாக்‌ஷன் இறக்கிக் காபி போட்டுக் கொடுத்தார். ஐந்தாம் நாள் அண்ணாச்சி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியத்தைச் சொன்னார்: "இன்ஜினு சீக்கிரம் முடியணும்னு நீங்க நெனச்சீகன்னா, இந்தக் காப்பிய நிப்பாட்டிருங்கம்மா."

தூங்கிவிட்டவர்

ஏழாம் நாள் அவர்கள் வாடகைக் காரில் கிளம்பினார்கள். மீதி ஊர்களையாவது பார்த்துவிடலாம் என்று சார்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். அந்த ஏழு நாளும் நான் சாரின் கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊசி ஏறுகிறதே என்று கேட்டவர் அவர். நான் சொன்ன பதிலையும் கேட்டவர். ஒரு வார்த்தை முதலாளியிடம் சொன்னால் போதும். அவரோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. செய்தித்தாளில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

பெட்டிகளைக் காரில் ஏற்றினேன். கல்யாணி அம்மா, பாத்திரங்களைத் துலக்கி வைத்திருக்கிறேன், பால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். சார் என்னைத் தனியே கூப்பிட்டார். குரலில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. பஸ் நேரம் சொல்கிறவர் போலச் சொன்னார்: "உங்க முதலாளி நேத்து எனக்கு போன் பண்ணி, ஊசி ஏறினதைப் பாத்தீங்களான்னு கேட்டார். அந்த நேரம் நான் தூங்கிட்டேன்னு சொல்லிட்டேன். நான் தூங்கினதா இருக்கட்டும், நீங்க முழிச்சிட்டுத்தானே இருந்தீங்க."

பன்னிரண்டு வாசல்

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலாளியிடம் என்ன சொல்வது என்று தினமும் ஒத்திகை பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம், ஆனால் அதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. பார்த்தேன் சார், ஆனால் பட்டாசுக் கம்பெனிகளைக் காப்பாற்றத்தான் நிறுத்தவில்லை, இன்ஜினைப் பலி கொடுத்து மனிதர்களைக் காப்பாற்றினேன். சொல்லிப் பார்க்கவே நன்றாக இருந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று பன்னிரண்டாம் நாள் பஸ் ஏறினேன்.

அச்சங்குளம் தாண்டி ஒரு கம்பெனிக்குக் கொஞ்ச தூரத்தில் டீக்கடை. வேலை விட்டு வந்த பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள், கைவிரல் இடுக்கெல்லாம் வெள்ளி நிறத்தில் மருந்துத் தூள். அவர்களில் முத்துலட்சுமி என்பவர், நாற்பது வயது இருக்கும், பேக்கிங் பகுதியில் மற்றவர்களை மேய்க்கிறவர். நான் கேரவன் டிரைவர் என்றதும், பெரிய வெள்ளை வண்டி ஒன்று புகைந்துகொண்டு போனதே, அதுவா என்று அவரே கேட்டார். அவ்வளவுதான், நான் என் கதையைக் கௌரவமான பதிப்பில் சொன்னேன். அம்மா வேலை பார்த்த கதையையும் சேர்த்துக்கொண்டேன். சுற்றி நின்ற பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நிற்பது அவர்களுக்குப் பழக்கமாம். வாட்ச்மேன் விசில் ஊதினால் அறைக்குள் இருப்பவர்கள் வேலையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஆம்பிளைகள் நாலு பேர் போய் இன்ஜினை அணைக்கச் சொல்லி, எல்லாருமாகக் காட்டுப் பக்கம் தள்ளிவிடுவார்கள். பத்து நிமிட வேலை. நின்ற வண்டியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியும். நிற்காமல் போகிற வண்டியைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. பஸ் வருகிற சத்தம் கேட்டது. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "நின்னுருந்தீகன்னா ஒரு கம்பெனிக்குத்தாண்ணே பயம். நீங்க அந்தச் சூட்டோட பன்னெண்டு கம்பெனி வாசலயும் தாண்டிப் போயிருக்கீக."

புது ஆள்

ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் அன்றோடு போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த வாசல்களை எண்ணினேன். பன்னிரண்டுதான். ஒவ்வொரு வாசலுக்கு உள்ளேயும் என் அம்மாவைப் போலச் சேலை மாற்றிவிட்டு அடுப்புப் பற்ற வைக்கப் போகிறவர்கள் இருந்திருப்பார்கள். நான் அவர்களுக்காகப் பயந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை என்பதும் உண்மை. பயத்தில் ஓட்டினேன், பயத்தில் பொய் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை முதலாளி வந்தார். கூடவே தோளில் பையோடு இன்னொரு டிரைவர். முப்பது வயது இருக்கும், வணக்கம்ணே என்றார். யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. அண்ணாச்சி சாவியைப் போட்டார். இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சத்தம் சீரானதும் முதலாளி என் பக்கம் திரும்பினார், அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். மீட்டர் நன்றாகத்தான் இருந்தது சார், ஊசி ஏறியதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் ஆறு கிலோமீட்டர் ஓட்டினேன். ஏன் என்றார். பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பயந்தேன் என்றேன். அது நியாயம்தானே என்று அவரே இறங்கி வந்தார். இல்லை சார், நிறுத்தியிருந்தால் அவர்களே தள்ளி விட்டிருப்பார்கள், நான் செய்ததுதான் அதிக ஆபத்து என்று முத்துலட்சுமி சொன்னதையும் சொன்னேன். கைக்கு எட்டியதை ஏன் தட்டிவிட்டேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த நேரத்தில் வேறு எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

அவர் வண்டியில் ஏறி மீட்டரைப் பார்த்துவிட்டு இறங்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, நான் பொய் சொன்ன மறுநாளே தான் அண்ணாச்சிக்குப் போன் செய்து புது மீட்டர் போடச் சொன்னதாகவும், தேவைப்படாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அப்படியென்றால் இரண்டு வாரத்துக்கு மேலாக முதலாளிக்குத் தெரியும். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி இன்ஜினைப் பார்த்தார். பிறகு அதை அணைத்துச் சாவியை முதலாளியிடம் கொடுத்தார், புது டிரைவர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். முதலாளி அவரிடம், நீங்க பின்னால போய்ப் படுத்துக்கோங்க தம்பி, கட்டில் நல்லா இருக்கும் என்றார். சாவி என் பக்கம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்: "வண்டியை எடு. திருச்சி வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே."

என்னைப் போல ஒர்க்‌ஷாப் வாசலில் உட்கார்ந்திருந்த சகல டிரைவர்களுக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: போன இன்ஜின் பத்தொன்பது நாளில் திரும்பி வந்துவிட்டது, முதலாளியோடு போன பேச்சு திரும்பி வர, திருச்சி போதாமல் விழுப்புரம் தாண்ட வேண்டியிருந்தது.